சிரிப்பை அடக்க ஏலாத தையல்காரி

கிண்ணியாவில் ஸுல்பிகாவைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய சிரிப்பைத் தெரியும். தொடங்கிவிட்டால் அவளாலேயே நிறுத்த முடியாது. எல்லோரும் அழுதுகொண்டிருந்த மௌத்து வீட்டில் சிரித்து உம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறாள். பெண் பார்க்க வந்த ஒருவர் உட்கார்ந்ததும் கதிரை கிரீச்சிட்டது. ஸுல்பிகா தேத்தண்ணித் தட்டோடு குசினிக்குள் ஓடிக் குந்தியிருந்து சிரித்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. தையல் மிஷினுக்கு முன்னால் மட்டும் அவளுக்கு நிதானம் வரும்.

எழுபத்துநாலாம் ஆண்டு, வெளிநாட்டுச் சாமான் கடைக்கு வராத காலம். பஞ்சுக்கே தட்டுப்பாடு. துறைக்கு அக்கரையில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த மருத்துவமாது யோகமலர், குமர்ப் பிள்ளைகளுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவும், கழுவித் திரும்பப் பாவிக்கக்கூடிய துணிப் பட்டைகள் தைக்கப் பழக்கவும் விரும்பினார். தைத்துக் காட்ட ஒருத்தி வேண்டும் என்றதும் ஸுல்பிகா ஓம் என்றாள். எதற்கு ஓம் சொன்னோம் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

முதல் வகுப்பு அவள் வீட்டு உள்ளறையில். பாய் நிறையப் பெண்கள். எல்லோரும் பாயின் கோரையை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தார்கள். யோகமலர் கண்டிப்பான குரலில் தொடங்கினார்.

"கருப்பை மாதா மாதம் ஒரு பிள்ளைக்காக உள்ளுக்குள்ள மெத்தை விரிக்குது. பிள்ளை தங்காட்டி அந்த மெத்தை கரைஞ்சு வெளியில வருது. அது அழுக்கு இரத்தமில்லை. நோயுமில்லை."

"மிஸ்ஸி," என்றாள் ஸுல்பிகா, உண்மையான அக்கறையோடு. "மெத்தையெண்டா தலகாணியும் இரிக்குமா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவள் காதில் விழுந்தது. தோள் குலுங்கியது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. பாயின் ஒரு மூலையில் ஒருத்தி வெடித்தாள், பிறகு மற்ற மூலை, பிறகு அறையே உருண்டது. யோகமலரின் முகம் சிவந்தது. இனி இந்த வகுப்பு சரிவராது என்று எழும்பப் போனார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு றம்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த மூச்சிலேயே கேட்டாள்: "மிஸ்ஸி, ஈரம் காயாத துணி உரசி எனக்குத் தொடையெல்லாம் புண். உம்மா அதை அலுமாரிக்குப் பின்னாலதான் காயப்போடச் சொல்றா. என்ன செய்ற?"

யோகமலர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"பச்சைத் தண்ணியில அலசி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. நல்ல வெயில்ல காயோணும். வெட்கமெண்டால் மேல ஒரு மெல்லிய துணியை விரியுங்கோ. வெயில் அதுக்குள்ளாலயும் போகும்."

பிறகு கேள்விகள் நிற்கவில்லை. ஆண்கள் உடுத்துப் பழசான சாரனின் மெதுவான துணியை மடித்து உள்ளே வைத்து, மேலே பூப்போட்ட சீத்தைத் துணி போட்டு, இரண்டு பக்கமும் இறக்கை விட்டுப் பொத்தான் வைத்தாள் ஸுல்பிகா. றம்லா தைத்த முதலாவது பட்டை தொட்டில் மெத்தை அளவு வந்தது.

"இதக் கட்டினா நடக்கிறதா, மிதக்கிறதா?" என்றாள் அவளே. மறுபடியும் அறை உருண்டது.

செய்தி ஓர்ஸ் ஹில்லுக்கும் போனது. அங்குள்ள பெண்களும் கேட்டார்கள் என்று ஸுல்பிகாவும் யோகமலரும் ஒரு பை நிறைய மாதிரிப் பட்டைகளோடு துறைக்குப் போனார்கள். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையைத்தான் ஊரில் பாதை என்பார்கள். அவர்கள் ஏறிய பாதை நடுக்கடலில் ஆடியதும் பை சரிந்தது. பூப்போட்ட பட்டைகள் பலகையெங்கும் சிதறின.

மீன் வியாபாரி மஹ்ரூப் ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தார். "நல்ல தையல். சைக்கிள் சீட்டுக்கா, புள்ள? எனக்கும் ஒண்டு வேணும்."

ஸுல்பிகா பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது.

"ஓம், சீட்டுக்குத்தான்," என்றார் யோகமலர் அவசரமாக.

"மிஸ்ஸி!" ஸுல்பிகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "வெட்கப்பட ஒண்டுமில்லயெண்டு நீங்கதானே படிப்பிச்ச!"

யோகமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "இது பொம்பிளையள் மாதவிலக்குக்குப் பாவிக்கிறது," என்றார், வகுப்புக் குரலில்.

பாதையிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். கயிறு இழுத்துப் பாதையை ஓட்டும் இளைஞன் அபூதாஹிர் வானத்தைப் பார்த்தான். பாதை போய்த் துறையில் 'டங்'கென்று மோத, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யோகமலர் ஒரு மீன் கூடையைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணீர் வரச் சிரித்தார்.

மஹ்ரூப் மட்டும் பட்டையைத் தூசு தட்டி, மடித்து, பைக்குள் வைத்தார். "என்ட ஊட்டுல மூணு குமர் இரிக்கி," என்றார் தாழ்ந்த குரலில். "எந்த நாள்ல படிப்பிக்கிற?"

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் தாயோடு வந்தார்கள். அதற்கு அடுத்த கிழமை அபூதாஹிரின் உம்மா வந்தார், ஆனால் தைக்க அல்ல, பெண் கேட்க. அன்றைக்குப் பாதையில் கேட்ட ஸுல்பிகாவின் சிரிப்பை மகன் மறக்க மாட்டேன் என்கிறானாம். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸுல்பிகாவுக்கு அந்த வீடு பிடித்துப்போனது.

கலியாணத்துக்குப் பிறகும் வகுப்பு நின்றுபோகவில்லை. மூதூருக்குப் போன றம்லா அங்கே தனியாக ஒன்றைத் தொடங்கினாள். எழுபத்தெட்டில் பெட்டியில் அடைத்த பட்டைகள் கடைக்கு வந்தபோது ஸுல்பிகா ஒன்றைப் பிரித்து, அவசரமாகத் தையலைத் தேடினாள். தையலே இல்லை. காசிருந்தவர்கள் அதை வாங்கினார்கள், மற்றவர்கள் தைத்தார்கள். கிண்ணியாக் கொடிகளில் மெல்லிய துணிகளுக்குக் கீழே பூப்போட்ட பட்டைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.