கதவில் இரண்டு தட்டு

உத்தமபாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காதர் மைதீன் மவுத்தாகிவிட்டார், அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எந்தக் காதர் என்று கேட்டேன்.

"பஸ் ஓட்டுனாகளே, கதவத் தட்டுற காதர் பாய்" என்றார் கடைக்காரர். கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன்.

அவர் பேருந்தில் போன உங்களுக்கெல்லாம் அந்தத் தட்டு தெரியும். அது எப்படி வந்தது என்பது தெரிந்திருக்காது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அப்போதெல்லாம் ஓடைப்பட்டியிலிருந்து சின்னமனூருக்குச் சைக்கிளில் திராட்சைப் பெட்டி கட்டிப் போவேன். பின்னால் மூன்று பெட்டி இருக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது. ஹேண்டில்பாரும் கூடவே திரும்பிவிடும். ஒரு நாள் காதர் பஸ்ஸோடு பின்னால் வந்து ஹாரன் அடித்தார். திரும்பிவிட்டேன். பெட்டியோடு ரோட்டில் கிடந்தேன். பஸ்ஸின் முன்சக்கரம் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏலே, ரோட்ட ஒனக்கு மட்டுமா எழுதி வச்சிருக்கு?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"எனக்கும் எழுதி வைக்கலண்ணே. ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்" என்று சொல்லி, குனிந்து பழம் பொறுக்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசிப் பழம் வரை பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் அவர் வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு சைக்கிளைத் தொட்டாலே உடம்பு உதறியது. வேறு பிழைப்பும் கிடையாது. யாரோ சொல்லி, லீவு நாளில் வீடு தேடி வந்தார் காதர்.

"இனிமே ஒங்க பின்னால ஹாரன் அடிக்க மாட்டேன். கதவுல ரெண்டு தட்டு தட்டுவேன். திரும்பாதீக, நேரா போங்க. ஒதுங்கிப் போறது என் வேலை."

மறுநாள் பெட்டி கட்டினேன். தட்டு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக மிதித்தேன். ஓர் ஆள் அகலம் விட்டுப் பேருந்து கடந்து போனது. புல்லுக்கட்டோடு நடக்கிற பெண்களுக்கும் பிறகு அதே தட்டுதான். நேரமாகிறதென்று கண்டக்டர் சலித்துக்கொண்டால், "அவுக நடக்குறாக, நாம உக்காந்துதான இருக்கோம்" என்பார்.

சேதி கேட்ட அன்று சாயங்காலம் காதரைச் சுமந்த ஜனாஸா மெயின் ரோட்டு வழியே போனது. கடைசி வரிசையில் நான் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அவர் எனக்குக் கொடுத்துப்போனது அதுதான். காது மட்டும், தகரத்தில் விழும் இரண்டு தட்டுக்குக் காத்துக்கொண்டே வந்தது.