நத்தம் பஸ்ஸில் முருகன் காட்டிய வக்கீல்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கிணற்றுக்குள் போயிருப்பார். அன்றிலிருந்து அவர் தண்ணீர்ப் பக்கம் போனாலும் அடுப்புப் பக்கம் வந்தாலும் நான் பின்னாலேயே ஓடினேன். பழனியாண்டவரை நம்பி வாழும் சொந்தங்களே, அந்த ஓட்டத்தில் நான் எப்படிக் களைத்துப் போனேன் என்பதையும், முருகன் எனக்கு யாரைக் காட்டினான் என்பதையும் உள்ளபடி சொல்கிறேன்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த சமயம். மலைப்பாதையில் போன பட்டாள லாரி பள்ளத்தில் உருண்டது. இவருக்கு மண்டையில் அடி. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேதான் முதல் வலிப்பு வந்தது. வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊனப் பென்ஷன் கேட்டிருந்தோம். மறு வருஷம் ஆவணியில் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்தோம். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க உரக்கவே சொல்லிவிட்டார். இது பரம்பரை நோய், பட்டாள வேலையால் வந்ததல்ல, பென்ஷன் கிடையாது. வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம்.

பென்ஷன் போனது ஒரு பக்கம். ‘பரம்பரை’ என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டையே சாய்த்துவிட்டது. என் நாத்தனார் பேச்சிக்கு அப்போதுதான் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் அழவில்லை. மற்றப் பெண்களோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

இவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஒருநாள் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

“நோயை மறைச்சுப் பட்டாளத்துல சேந்தவன்னுல்ல எழுதிப்புட்டாக. பென்ஷன் வந்தா வருது, வராட்டிப் போகுது. அந்த எழுத்தை மட்டும் அழிக்கச் சொல்லு புள்ள.”

அழிக்கச் சொல்ல வக்கீல் வேண்டும். திண்டுக்கல் கோர்ட்டுக்கு அலையத் தொடங்கினேன். கோர்ட்டு வாசலைத் தாண்டி அதற்கு முன் நான் உள்ளே போனதில்லை. முதல் வக்கீல், பட்டாளத்துக் காரியமெல்லாம் இங்கே நடக்காது, மெட்ராஸுக்குப் போ என்றார். இரண்டாமவர் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஐப்பசி முழுக்க இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றார். கடைசியில் நான் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். இன்னொருவரின் குமாஸ்தா, ஆளை நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். போகும்போதெல்லாம் வெயில், வரும்போதெல்லாம் பஸ்ஸில் நின்றபடி தூக்கம். யாரும் அந்தக் காகிதத்தின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

மாசி பிறந்தது. கெடு முடிய எட்டே நாள். அன்று காலை குளித்துவிட்டு, வீட்டில் மாட்டியிருந்த முருகன் படத்தின் முன் நின்றேன். உருகிக் கும்பிடக்கூட உடம்பில் தெம்பு இல்லை. “பெரிசா ஒண்ணும் கேக்கலப்பா. இந்தக் காயிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரு மனுசனைக் காட்டு. இன்னைக்கு ஒருநாள் அவுகளுக்கு வலிப்பு வராமப் பாத்துக்க” என்றேன். இவரைக் கூட்டிக்கொண்டு நத்தத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினேன்.

பாதி வழியில் வலிப்பு வந்துவிட்டது.

சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். மஞ்சள் பை கவிழ்ந்து காகிதங்கள் சிதறின. ஆளாளுக்கு எழுந்து விலகினார்கள். ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். கண்டக்டர் இறங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு முருகன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. கேட்டதே இரண்டு, அதில் ஒன்றைக்கூடக் கொடுக்க உனக்கு மனமில்லையா என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். இனிமேல் கும்பிட மாட்டேன் என்றுகூட நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது முன் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். கண்டக்டரிடம் வண்டி போகட்டும் என்றார். சாவி வேண்டாம் என்று தள்ளினார். இவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் அந்தக் கோட்டையே சுருட்டி வைத்தார்.

“பயப்படாதம்மா. எங்க அக்காவுக்கும் இது இருந்துச்சு. செத்த நேரத்துல தெளிஞ்சிரும்.”

பிறகு குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார். கொடுக்க வந்தவர் கொடுக்காமல் நின்று படித்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார். பஸ் குலுங்கக் குலுங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவரை படித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவரோட அப்பன், பாட்டன் யாருக்காச்சும் வலிப்பு உண்டா?”

“இல்லைங்கய்யா.”

“பெறகு யாரு சொன்னா?”

“அந்தக் காயிதந்தேன் சொல்லுது.”

அவர் பெயர் காசிம். திண்டுக்கல்லில் வக்கீல். மாந்தோப்பு வழக்கு ஒன்றுக்காக நத்தம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்வது? காகிதத்தில் தொட்டுக் காட்டினேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

“சேரும்போது ஒடம்புல ஒரு கொறையும் இல்லைன்னு அவுக டாக்டரே எழுதித்தான் எடுத்திருக்காக. அடி பட்டதுக்கு அப்புறந்தேன் வலிப்பு. இதைத்தாம்மா கேக்கணும். எட்டு நாளு போதும்.”

அன்று மத்தியானமே அவர் வீட்டில் அப்பீல் டைப் அடிக்கப்பட்டது. இவர் கையெழுத்துப் போட்டார். லாரியில் கூட இருந்தவர் யாராவது சாட்சி எழுதித் தந்தால் பலம் என்றார் வக்கீல். இவருக்கு நாச்சிமுத்து என்ற பெயரும் தொப்பம்பட்டிப் பக்கம் என்பதும்தான் ஞாபகம் இருந்தது. போய் இரண்டு நாள் விசாரித்துக் கண்டுபிடித்தோம். கத்தரித் தோட்டத்தில் நின்றவர், இவரைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டார்.

“தூக்கிட்டு வந்ததே நானுங்க. காதுல ரத்தம் நிக்கவே இல்லீங்க. அதுக்கு முன்னால ஒருநாளும் இவரு விழுந்து நான் பாத்ததில்லீங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேனுங்க.”

அதையும் எழுதி வாங்கி அனுப்பினோம். பிறகு காத்திருப்புதான். ஒரு வருஷம் போனது. இன்னொரு காகிதம் கேட்டு எழுதினார்கள், அனுப்பினோம். அதற்கும் பதில் இல்லை. பல நாள் என் பிரார்த்தனை ‘முருகா’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். மிச்சத்தைச் சொல்வதற்குள் தூங்கிப்போவேன்.

மறு வருஷம் பங்குனியில் பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் வக்கீலய்யாவிடம் கொண்டுபோனோம். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பட்டாள வேலையில் பட்ட அடியால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள், பென்ஷனும் உண்டு என்றார். இவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஊருக்கு வந்ததும் நேராக டீக்கடைக்குப் போய், வாத்தியாரிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். வாத்தியார் படித்து முடித்துவிட்டு எழுந்து நின்று கையைக் கூப்பினார். வைகாசியில் பேச்சிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது.

நோய் போகவில்லை. மாத்திரையால் குறைந்திருக்கிறது. இன்றும் அவர் கிணற்றுப் பக்கம் போனால் நானும் போகிறேன். ஆனால் அவர் தலை நிமிர்ந்து நடக்கிறார். வரக்கூடாது என்று நான் கெஞ்சிய அந்த வலிப்பு வராமலிருந்திருந்தால், முன் சீட்டில் இருந்தவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த முருகன் படத்தின் முன் போய் நின்றுவிடுகிறேன்.

சொந்தங்களே, நம்பிக்கை பொங்கி வழிந்தால்தான் ஆண்டவன் கேட்பான் என்று நினைக்காதீர்கள். நான் கோபத்தோடும் அசதியோடும் கேட்டேன். அவன் கேட்டுக்கொண்டான். உங்கள் வீட்டிலும் பட்டாளத்திலிருந்து உடைந்து வந்த ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். அப்படியிருந்தால் முருகனிடம் ஒரு சொல் சொல்லுங்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வக்கீலய்யா வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன்.