கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் அந்தோனிமுத்து சேர்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தை மார்க்கெட்டில் போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மிஸ், அப்பா விடியக்காலையில போயிட்டாரு" என்று போனில் சொன்னாள் மெர்சி, அந்தோனிமுத்து சேரின் மகள். நான் அழவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். போதும் என்றேன். இந்த வருடம் எனக்கு வந்த நான்காவது மரணச் செய்தி இது. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரே பாடசாலையில் அவர் ஆங்கிலமும் நான் புவியியலும் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தோம். ஆசிரியர் அறையில் அவருக்குப் பயந்து நாங்கள் 'நினைக்கிறன்' என்ற ஒரு சொல்லை மட்டும் கவனமாகப் பாவிப்போம். ஒருநாள் நான், "இண்டைக்கு அதிபர் வரமாட்டார் எண்டு நினைக்கிறன்" என்று சும்மா சொல்லிவிட்டேன். திருத்திக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த நினைப்பு மிஸ்?" என்றார். "நினைப்பிலயும் வகை இருக்கோ சேர்?" "இருக்கு. அதிபர் வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டீங்களா, இல்ல வரக்கூடாதுன்னு ஆசைப்படுறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். கதவடியில் வந்து நின்ற அதிபரும் சிரித்தார்.

அவரிடம் படித்தவர்களுக்கு வகுப்பறையின் அந்தக் கோடு மறந்திருக்காது. கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் தரையில் வெண்கட்டியால் இழுத்து, அதில் ஐந்து சொற்களை எழுதுவார்: கெஸ், சப்போஸ், திங்க், பிலீவ், நோ. பஸ் வருமா என்று கேட்பார். ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்பவன் கதவடியில், கெஸ்ஸில் நிற்க வேண்டும். வராமல் விடக் காரணமில்லை, வரும் என்று வைத்துக்கொள்பவன் சப்போஸில். மணிக்கூட்டைப் பார்த்து யோசித்துச் சொல்பவன் திங்க்கில். கொண்டக்டர் சொன்னதை நம்புபவன் பிலீவில். பஸ்ஸின் முகப்பைக் கண்ணால் கண்டவன் மட்டும்தான் ஜன்னலடியில், 'தெரியும்' என்ற நோவில் நிற்கலாம். பிள்ளைகள் தள்ளுமுள்ளுப்பட்டு இடம் பிடிப்பார்கள். முதல் நாள் எல்லோரும் ஜன்னலடியில்தான் நிற்பார்கள். தவணை முடிவதற்குள் பாதிப் பேர் கதவுப் பக்கம் வந்துவிடுவார்கள். "இப்பதான் படிச்சிருக்காங்க" என்பார் சேர்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறையில் ஆட்களின் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டுவேன். எங்கள் ஒழுங்கையில் இருந்த பரமேஸ்வரி அக்காவை அங்கே கூட்டிப்போனது நான்தான். அவருடைய மகன் காணாமற்போய்ப் பல வருடங்கள். வெளிநாட்டு அமைப்பொன்றுக்கு அதைப் பற்றி எழுத வேண்டும். எல்லாம் எழுதி முடிந்து கடைசி வரிக்கு வந்தோம்: மகன் உயிரோடு இருப்பதாக நினைக்கிறேன்.

சேர் நிறுத்திவிட்டார். கதவையும் ஜன்னலையும் காட்டி, நடுவே இருந்த தரைக்கற்களுக்கு அந்த ஐந்து சொற்களின் பொருளையும் வரிசையாகச் சொல்லி, "நீங்க எங்க நிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாயிடம் செய்கிற வேலையா இது? பரமேஸ்வரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எழும்பினார். நடுவில் எங்கும் நிற்காமல் நேரே ஜன்னலடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோ போடுங்க மிஸ்" என்றார் சேர்.

நான் போடவில்லை. வருடக்கணக்காக ஒரு தகவலும் இல்லாத பிள்ளையைப் பற்றித் தெரியும் என்று எழுதினால் வாசிப்பவர்கள் இவரைப் புத்தி பேதலித்தவர் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் பிலீவ் என்று தட்டிவிட்டேன். சேர் தாளை வாசித்தார். என்னைத் திட்டவில்லை. "அம்மாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார். வாசித்தேன். "மகன் உயிரோடு இருப்பதாக நம்புகிறேன்" என்ற இடத்தில் பரமேஸ்வரி அக்கா கையைக் காட்டி மறித்தார்.

"நம்பிறது கோயில்ல, டீச்சர். இது எனக்குத் தெரியும்."

திருத்தித் தட்டினேன். அவர் கையெழுத்து வைத்துவிட்டு வாசலில் செருப்பைப் போடப் போனதும், சேர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவங்க சொல்றது சரியா பிழையான்னு பாக்கிறது நம்ம வேலை இல்ல மிஸ். அவங்க நிக்கிற இடத்தை எழுதணும். நாம அவங்கள நகத்தக் கூடாது."

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டில் ஜன்னலோரம். இனி வீடு திரும்பமாட்டார் என்று வைத்தியர் சொன்னதை மெர்சி ஏற்கனவே எனக்குச் சொல்லியிருந்ததால் வார்ட்டின் கதவடியிலேயே கால் நின்றுவிட்டது. அவர் கண்டுகொண்டார்.

"மிஸ், நான் வீட்டுக்குப் போவேனா? வாயால வேணாம். நின்னு காட்டுங்க."

"சேர், ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். இருபத்திரண்டு வருசம் புள்ளைங்கள நிக்க வச்சேன், உங்கள வச்சதில்லையே."

உண்மையில் என் இடம் கதவுக்கும் வெளியே, வராந்தாவில். அது எனக்குத் தெரியும். நான் மெல்ல நடந்து, மற்றக் கட்டில்களைத் தாண்டி, ஜன்னலடியில் போய் நின்றேன்.

"உங்களையே நகத்திட்டீங்க மிஸ்."

"ஓம் சேர்."

"சரி. இந்த ஒரு தடவை போகட்டும்" என்று கண்களை மூடிக்கொண்டார். நான் வீடு திரும்ப இரண்டு பஸ் எடுத்தேன். இரண்டிலும் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. ஆனாலும் அவ்வளவு களைத்துப்போய் நான் ஒருநாளும் வீடு வந்ததில்லை.

பொரளை மயானத்துக்குப் பரமேஸ்வரி அக்காவும் வந்திருந்தார். இப்போது கொலன்னாவையில் தங்கையோடு இருக்கிறாராம். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மண் போட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது அவரே என் கையைப் பிடித்தார்.

"நான் இன்னும் அந்த ஜன்னலுக்குக் கிட்டத்தான் டீச்சர் நிக்கிறன்."

முன்னைய நான் என்றால், "கடவுள் இருக்கிறார் அக்கா" என்றோ, "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றோ ஏதாவது சொல்லி அவரை ஓர் அடியாவது இந்தப் பக்கம் இழுத்திருப்பேன். அன்று இழுக்கவில்லை. பஸ் வரும் வரைக்கும் அவர் பக்கத்தில் நின்றேன். சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். அதோடு, அவர் எனக்கு மன்னித்து விட்ட அந்த ஒரு தடவை.