குண்டச்சிக்கு வேறு இன்ஜின்

ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு சமையல்காரியாகப் போகிறேன் என்று சுல்மா சொன்னபோது, அவளுடைய அப்பா குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தனை ஆண்கள், நடுவில் ஒரு பெண், வசந்தம் முழுக்கப் பண்ணை பண்ணையாக அலைச்சல். தகுவாரெம்போ ஊர்ப்பக்கத்தில் எந்த அப்பாவும் சரி என்று சொல்லியிருக்க மாட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் லாரியில் ஏறிவிட்டாள்.

அந்த லாரிக்குக் குண்டச்சி என்று பெயர். உலகப்போர் முடிந்த கையோடு மோந்தெவிதேயோ துறைமுகத்தில் வந்திறங்கிய வண்டி. உருண்ட மூக்கு, புடைத்த மட்கார்டு, மேடு ஏறும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல். பின்னால் ஆட்களும் கட்டில்களும் கத்தரிக்கும் இயந்திரமும். சமையல்காரிக்கு மட்டும் முன்னால் இடம், டிரைவர் அபரீசியோவின் பக்கத்தில். வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற இலைத் தேநீரை ஊற்றி நீட்டுவாள். அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுப்பான். வருஷக்கணக்காக அவர்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சுல்மாவோ குளிர்காலம் முழுவதும் அதை நினைத்துக்கொண்டே கழித்தாள்.

ஒரு நவம்பரில், இரண்டு பண்ணைகளுக்கு நடுவே, ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகிப் போனது தெரியாமல் அபரீசியோ ஓட்டிவிட்டான். சூடு ஏறி, கரகரவென்று ஒரு சத்தம் வந்து, இன்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. ஆட்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பண்ணையை நோக்கி நடந்தார்கள். டிராக்டர் வரும்வரை இவர்கள் இருவர் மட்டும் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தெக்கே படகோனியாவுல எங்க மாமன் பையன் இருக்கான்," என்றான் அபரீசியோ. "எண்ணெய்க் கிணத்துக்கு லாரி ஓட்டுறான். இந்தத் தடவை முடிஞ்சதும் கெளம்பலாம்னு இருக்கேன்." கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயும் வர்றியா?" என்றான்.

சுல்மா இதற்காகத்தான் காத்திருந்தாள். அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கிண்டல்தான். "மொதல்ல இவளை ஓட வை. அப்புறம் பேசிக்கலாம்."

அவன் தலையாட்டினான். விளையாட்டுப் பேச்சு என்று அவனுக்குப் புரிந்ததா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கத்தரிப்புக் கூட்டத்தின் முதலாளி இன்ஜினைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே செலவழிக்க முடியாது," என்று சொல்லி வாடகைக்கு ஒரு பஸ் பிடித்தார். குண்டச்சியை அவருடைய கொட்டகைக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். அபரீசியோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனபோது சுல்மா குளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெற்கே அவனுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், நல்லவர்களும்தான்.

முதலாளி காலமாகி, அவருடைய மகள்கள் கொட்டகையைக் காலி செய்தபோது பழைய இரும்புக்காரன் வந்து நின்றான். விஷயம் கேள்விப்பட்டு சுல்மா சைக்கிளில் போனாள். அப்போது அவளுக்குத் தலை நரைத்திருந்தது. "இதை எனக்குக் குடுத்துடுங்கம்மா," என்றாள். மூத்த மகள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க, எங்களுக்கும் எடம் மிச்சம்," என்றாள்.

மெக்கானிக் தார்தோ அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். டிராக்டர் இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்ட வண்டியை அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இன்ஜின் மூடிக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு. என்ன பண்ணப் போற இதை வெச்சு?"

"விறகு ஏத்துவேன்."

"விறகு ஏத்தறதுக்கு இவதான் வேணுமாக்கும்."

"உன் வேலையைப் பாரு, தார்தோ."

அவன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டீசலும் கியர் ஆயிலும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றினான். அது துருவுக்குள் மெல்ல இறங்க வேண்டும், அவசரப்பட்டால் உடைந்துவிடும் என்றான். அந்தக் குளிர்காலம் முழுவதும் சாயங்காலமானால் சுல்மா பட்டறைக்கு வந்துவிடுவாள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுவாள். பிறகு இருவரும் இன்ஜின் சுழல்கிறதா என்று நீளக் கம்பியைக் கொடுத்து ஃப்ளைவீல் சக்கரத்தை நெம்பிப் பார்ப்பார்கள். பாறையை நெம்புவது போலிருக்கும்.

"எந்தக் காலத்துலயோ போனவன்," என்றான் தார்தோ ஒருநாள், கையைத் துடைத்தபடி. "இது ஓடுச்சுன்னா அவன் திரும்பி வந்துடுவானா?"

"வர மாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன?"

"ஓடட்டும்னு இருக்கு. அவ்வளவுதான்."

குளிர்காலம் முடிய இருந்த ஆகஸ்டில், மழை விட்ட ஒரு மத்தியானம், கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த சுல்மாவின் உடம்பு சற்றே கீழே இறங்கியது. கை வழுக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தார்தோ குனிந்து பார்த்தான். "அசைஞ்சிருக்கு," என்றான் மெதுவாக. மறுபடியும் நெம்பினார்கள். விரலளவு, பிறகு கையளவு. சுல்மா கம்பியை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தார்தோ வெளியே போய் நாய்க்குத் தண்ணீர் வைத்தான்.

ஆனால் சிலிண்டர்களின் மேல்மூடியைக் கழற்றியபோது இன்ஜின் பிளாக்கில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடிய அன்றைய சூட்டிலேயே விட்டிருக்க வேண்டும்; இனி ஓட வைத்தாலும் நிலைக்காது. தார்தோ அவள் விரலைப் பிடித்து விரிசலின் மேல் வைத்தான்.

"ஒரே ஒரு தடவை இவ சத்தத்தைக் கேக்கணும்," என்றாள்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும் பிசின் வைத்து அடைத்து, கார்புரேட்டரைத் துடைத்து, வேறு வண்டியின் பேட்டரியைப் பொருத்தினான். சுல்மா ஏறித் தன் பழைய இடத்தில், இடது பக்கம் ஸ்டியரிங் இருக்க வலது பக்கத்தில், உட்கார்ந்தாள். தார்தோ ஸ்டார்ட் செய்ய, இருமி, புகை கக்கி, இன்ஜின் ஓடத் தொடங்கியது. அதே அடித்தொண்டை முனகல். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ தட்டத் தொடங்கியது. தட்டல் பெரிதாயிற்று. தார்தோ காத்திருந்தான்.

"நிறுத்திடு," என்றாள். "அது கஷ்டப்படுது."

விபத்தில் நொறுங்கிய ஒரு லாரியின் டீசல் இன்ஜினைத் தார்தோ தேடிப் பிடித்தான். சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்று முன்னாலேயே சொன்னான். அவள் சரி என்றாள். அதைப் பொருத்துகிற நாட்களில், அவனுடைய பழைய வேனில் அவள் ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

"கிளட்ச்சை மிதி, கோழியை மிதிக்காதே," என்று அவன் கத்துவான். அவளும் பதிலுக்குத் திட்டுவாள்.

விறகு ஏற்றினாள், உண்மையாகவே. இரண்டாவது வசந்தத்தில், ரிவேராவிலிருந்து வந்த ஒரு கத்தரிப்புக் கூட்டத்தின் பஸ் படுத்துவிட, யாரோ அவளைக் காட்டிவிட்டார்கள். எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். ஏறும்போதே ஒருத்தன், "சுல்மா அம்மா, இது எங்க தாத்தாவைவிட மூத்ததா இருக்கே, போய்ச் சேருமா?" என்றான்.

"நீ வாயை மூடிக்கிட்டு வந்தா சேரும்," என்றாள். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

பண்ணையில் கத்தரிகள் ஓய்ந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தது. ஆட்கள் கொட்டகை நிழலில் படுத்தார்கள். சமையல்காரன் அவளிடம் வந்து, "டிரைவருக்குத் தனியாக் கட்டில் இல்லைங்க. எப்பவும் வண்டியிலதான் படுப்பாங்க," என்று சங்கடத்தோடு சொன்னான்.

"தெரியும்ப்பா," என்றாள்.

கதவைத் திறந்து இருக்கையில் சாய்ந்தாள். குள்ளமான அவளுக்கே கால் நீட்ட முடியவில்லை. முழங்காலை மடக்கி ஒருக்களித்தால் ஸ்டியரிங் விலாவில் இடித்தது. தலைக்குக் கதவின் இரும்பு. அபரீசியோ அவளைவிட ஒரு தலைக்கு மேல் உயரம். இத்தனை காலமாக அவனை நினைத்திருந்தும், இவ்வளவு குறுகிய இடத்தில் அவன் எப்படித் தூங்கினான் என்று ஒருமுறைகூட அவள் யோசித்ததில்லை. காலையில் அவளிடம் காப்பி வாங்க வரும்போது அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நிமிர்வான். அப்போது அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தாள்.

வெளியே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் இன்னும் கொஞ்சம் காலை மடக்கிக்கொண்டு, ஆட்கள் எழுந்திருக்கும்வரை அப்படியே படுத்திருந்தாள்.