நாகப்பன் சிரிக்காமல் இருந்த இருபத்தொரு நாள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலத்தில், சுண்ணாம்புக்குளத்து நாகப்பன் ஏரியில் இறால் பிடித்துப் பிழைத்தான். வலை கிடையாது, வெறுங்கைதான். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு இரு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைத் தோளில் சாய்த்து, அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

நண்டு அகப்பட்டால் கொடுக்கைக் கட்டிவிட்டுத்தான் பறியில் போடவேண்டும். அன்று இறால் குவிந்த குஷியில் நாகப்பன் கட்டாமல் போட்டுவிட்டான். நண்டு மெல்ல ஏறிவந்து, கடுக்கனோடு அவன் இடது காது மடலைக் கவ்வியது.

பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த தங்கை திரௌபதி அலறினாள்.

“வாயத் தொறண்ணா! பறிய உடு!”

வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் ஏரிக்குள் போய்விடும். ‘முடியாது’ என்று நாகப்பன் பலமாகத் தலையை ஆட்டினான். நண்டுக்கு அந்த உதவியே போதுமாக இருந்தது.

இறால் தப்பவில்லை. காதுதான் போயிற்று. கரையேறிய பிறகே நாகப்பனுக்கு அது நினைவு வந்தது. இன்னும் ஐம்பது நாளில் திரௌபதியின் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். ஆனால் காது அறுந்தவன் மடி ஆகாது என்பது திரௌபதியின் மாமியார் ராஜம்மா வீட்டு வழக்கம். நாகப்பன் இல்லையென்றால் அவனுடைய பெரியப்பா மகன் கேசவன் மடி. பிள்ளை பிறந்த அன்றே ‘என் மடிக்கு வருவான் பாரு’ என்று பந்தயம் கட்டியவன் கேசவன்.

அண்ணனும் தங்கையும், மடலை விடாமல் கவ்வியிருந்த நண்டோடு காட்டூருக்கு ஓடினார்கள். அங்கே செங்கல் அறுக்கும் பொன்னுரங்கம், அறுந்த மூக்கையும் காதையும் சரிசெய்வதில் பேர் பெற்றவர்.

“இத்த ஒட்ட வெச்சுடு, வைத்தியரே,” என்று நண்டை நீட்டினான் நாகப்பன்.

பொன்னுரங்கம் கொடுக்கைப் பிரித்துப் பார்த்தார். “இன்னாத்த ஒட்றது? கடுக்கன்தான் மீந்துது. மிச்சத்த வழியிலயே தின்னுட்டுது நைனா. ஒங் கன்னத்துலேர்ந்து புதுசா ஒண்ணு செய்யறேன்.”

கள்ளைக் குடிக்கவைத்து வேலையைத் தொடங்கினார். வெற்றிலையை மடல் அளவுக்கு நறுக்கிக் கன்னத்தில் வைத்து, அதே அளவுக்குத் தோலைக் கீறினார். ஒரு விளிம்பை மட்டும் அறுக்காமல் விட்டார். அந்த வழியாக ரத்தம் ஓடினால்தான் தோல் சாகாதாம். காதின் அறுந்த ஓரத்தைச் சுரண்டிப் புண்ணாக்கி, தோலை மடக்கி அதில் வைத்துத் தைத்தார். கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்த கோட்டை வைத்தியர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது தையலில் அதே தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“இருவத்தோரு நாளு கன்னம் அசையக் கூடாது. கஞ்சிய உறிஞ்சு. பேசாத. சிரிச்சா தையல் பிரிஞ்சுடும்,” என்றார் பொன்னுரங்கம்.

திரௌபதி தலையில் கை வைத்துக்கொண்டாள். காக்கை நடந்தாலே சிரிக்கும் ஆள் அவள் அண்ணன்.

சேதி தெரிந்ததும் கேசவன் தினமும் நலம் விசாரிக்க வந்துவிட்டான். ஊர்க் கதைகளை அபிநயத்தோடு சொன்னான். நாகப்பன் பறிக் கயிற்றைக் கடித்தபடி கூரையைப் பார்த்தான். சிறுவயதிலிருந்து கயிறு கடித்த தாடை, கல்லாக நின்றது. பத்தொன்பதாம் நாள் கேசவன் பெரிய கதையோடு வந்தான்.

“கோட்ட தொர ஏன் ஒருத்தருக்கும் குனியறதில்ல தெரியுமா? திமிருன்னு நெனச்சோம். அவரு தொப்பிக்குள்ள பூநாரை முட்ட போட்டுருக்குதாம்டா! குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஆடாம நிக்கறாரு, பாவம்.”

நாகப்பனின் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. கண்ணில் நீர் கொட்டியது. கன்னம் அசையவில்லை. கதை சொன்ன கேசவன்தான் தரையில் புரண்டு சிரித்தான்.

“வயிறு எவ்ளோ வேணா சிரிக்கட்டும். நீ எழுந்து போ,” என்று திரௌபதி அவனைத் துரத்தினாள்.

இருபத்தோராம் நாள் பொன்னுரங்கம் மிச்ச விளிம்பை அறுத்தார். புது மடல் காதோடு சூடாக, உயிரோடு இருந்தது. ஆனால் மூன்றே வாரத்தில் அதில் கறுகறுவென்று மயிர் முளைத்தது. கன்னத்துத் தோலாயிற்றே!

காது குத்து அன்று பந்தலில் கேசவன் கூவினான். “எல்லாரும் பாருங்க, இவங் காதுல தாடி! இது காதா, கன்னமா?”

ராஜம்மா எழுந்து வந்து நாகப்பனின் புது மடலைப் பிடித்து இழுத்தாள். திருகினாள். மறுபடியும் இழுத்தாள்.

“அறுந்த காதுதானே ஆகாது? இது கெட்டியா இருக்குது,” என்றாள் ராஜம்மா. “தாடி வெச்ச காது ஆகாதுன்னு எங்க வூட்ல யாரும் சொன்னதில்ல. புள்ளய மடியில குடுங்க.”

பிள்ளை மாமன் மடிக்கு வந்ததும் அந்தத் தாடியை இரு கையாலும் கொத்தாகப் பற்றிக்கொண்டது. ஆசாரி ஊசியை எடுத்தார். குத்தினார். பிள்ளை வீறிட்டதென்று ஆசாரி பிறகு சொல்லித்தான் தெரியும். நாகப்பன் சிரித்த சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.