புதுத் தாளில் போன பதில்

இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் தட்டச்சு வேலை பார்த்த கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் மூன்று பேர் தபால் அதற்குள் வந்து விழும். கடையின் ஈமெயில் முகவரி ஒன்று, என்னுடையது ஒன்று, வெளிநாட்டுக்குப் பெண்களை அனுப்பும் ஏஜென்சிக்காரருடையது ஒன்று. அவருக்கு வரும் கடிதங்களுக்கும் நான்தான் பதில் அடிப்பேன். அவருக்கே கடிதம் அதிகம் என்பதால், புதிதாக எதை எழுதினாலும் அவர் முகவரியிலிருந்தே போகும்படி முதலாளி வைத்திருந்தார். வந்த கடிதத்துக்குப் பதில் போட்டால் சிக்கல் இல்லை. எந்த முகவரிக்கு வந்ததோ, அதிலிருந்தே பதிலும் போய்விடும். அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அவருடைய மகள் அதே ஏஜென்சி மூலம் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டு டிரைவர் ஒரு மலையாளி, நல்ல மனிதர். அவள் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கடை முகவரிக்கு அனுப்புவார். நான் வாசித்துக் காட்டுவேன்.

ஒரு ஞாயிறு வந்த கடிதத்தை நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். முதுகில் இஸ்திரிப் பெட்டியால் சுட்டிருக்கிறார்கள். டிரைவர் எம்பசியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார், அம்மா சரியென்றால் ஓடி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். அம்மா அழாமல் கேட்டார். நான் பதில் எழுதத் திறந்தேன். திரையை எட்டிப் பார்த்தார்.

"கீழ என்னா எழுத்து அது?"

"உங்க மக எழுதுனதும்மா. தானா கீழ வந்துரும்."

"அழுது எழுதுன தாள்லயே நம்ம எழுதுனா நல்லாருக்காது புள்ள. புதுத் தாளு எடு. மேல புள்ளையார் சுழி போடு."

கம்ப்யூட்டரில் ஏது தாள் என்று எனக்குச் சிரிப்பு. இருந்தாலும் அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தேன். பிள்ளையார் சுழிக்கு இங்கிலீஷ் 'யூ'வைத் தட்டினேன். அதில் அவருக்குத் திருப்தி.

"வந்துரு மகளே. ஊரு என்னா பேசுனாலும் பரவால்ல. என்னைக்குன்னு மட்டும் எழுது."

அனுப்பிவிட்டேன். யாருடைய முகவரியிலிருந்து போகிறது என்று மேலே பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டிரைவருக்கு என்ன தெரியும்? வந்த கடிதத்துக்கு அப்படியே பதில் போட்டார். வெள்ளிக்கிழமை மதியம், பின் கேட், தன் கார் என்று எல்லாமே ஏஜென்சிக்காரர் பெட்டியில் போய் விழுந்தது. புதன்கிழமைதான் அதைப் பார்த்தேன். உடனே அழித்தேன். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று கடை முகவரியிலிருந்து டிரைவருக்கு எழுதினேன். பதில் இல்லை. அந்தப் பெட்டியை ஏஜென்சியின் கொழும்பு ஆபீசிலும் திறப்பார்கள். பெண் ஓடிப்போனால் வீட்டுக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் எனக்கு முன்பே படித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் கடிதம் காத்திருந்தது. வீட்டுக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதாம். தன் வேலை போய்விட்டது, அவளை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

அவர் எழுந்து வெளியே போனார். ரோட்டோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினார்.

"எம்புள்ளயக் காட்டிக் குடுத்தவங்க வெளங்கவே மாட்டாங்க! நாசமாப் போவாங்க!"

கடைக்குள் திரும்பி வந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீயாச்சும் இருக்கியே புள்ள. இன்னொரு கடுதாசி எழுது. எங்கயாச்சும் பாத்தா அந்த டிரைவர் தம்பி குடுக்கட்டும்."

புதுத் தாள் எடுத்தேன். சுழி போட்டேன். அனுப்புகிறவர் முகவரியை மூன்று தடவை பார்த்தேன். கடை முகவரிதான். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.