அப்பா தமக்குப் போட்டுக்கொண்ட மார்க்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா போய் ஒரு வருஷம் நிறைகிறது. மூத்த மகள் என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிய பிறகுதான், இதை அப்பா படித்தால் என்ன சொல்வார் என்று தோன்றியது. நினைவு மலர்களை அப்பா எப்படிப் படிப்பார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் பிரிக்கவே மாட்டார். 'கருணையே உருவானவர்' என்று இருந்தால் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் 'யாரிடம்? எப்போது?' என்று எழுதுவார். ஒரு பெரியவரைப் 'பொறுமையின் சிகரம்' என்று அச்சடித்திருந்தார்கள். அதை முழுக்க அடித்துவிட்டு, 'ரேஷன் கடை க்யூவில் இவருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்' என்று குறித்துவைத்தார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும் சொல்லிக் கேட்டதுதான். இருவர் கதையும் ஒத்துப்போகாத இடங்களில் அம்மா சொன்னதை நம்பியிருக்கிறேன்.

அப்பா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் ஆழ்வார்குறிச்சியில். சின்ன வயதிலேயே பெற்றோர் இருவரும் போய்விட, மூத்த சகோதரியான எங்கள் அத்தைதான் வளர்த்து, ஆசிரியர் பயிற்சி வரை படிக்கவைத்தார். யுத்தம் தொடங்கிய சமயத்தில் அப்பா பம்பாய்க்கு வந்து, தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் படித்த ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். மாட்டுங்காவில் நாலு பேரோடு ஓர் அறையில் வாசம். "என் தம்பி பம்பாயில ஸ்கூல் மாஸ்டராக்கும்" என்று அத்தை ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

மூன்றாம் வருஷம், பள்ளிக்கூடத்தை நடத்திவந்தவரின் சகோதரி மகன் கணக்கில் பதினொரு மார்க் வாங்கினான். தேற முப்பத்தைந்து வேண்டும். நிர்வாகி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேனா உம்ம கையிலதான இருக்கு? பதினொண்ணு முப்பத்தஞ்சாக எவ்வளவு நேரம்வே ஆகும்?"

"பையன் உக்காந்து படிச்சா ஒரு வருஷம் ஆகும் சார்" என்றாராம் அப்பா.

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. 'ராஜினாமா செய்தேன்' என்பது அப்பா சொன்ன கதை. "விரட்டிட்டா" என்பது அம்மா சொன்னது.

ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. அத்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடிதங்களில் பொய் எழுதவும் தெரியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதாமல், பம்பாய் மழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அத்தை அதைப் படித்துவிட்டு, "அங்கே மழைன்னா ஸ்கூல் லீவு போலிருக்கு" என்று சந்தோஷப்பட்டாராம்.

பிழைக்க ஏதாவது செய்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். முதல் வீட்டிலேயே, "உங்களுக்கு எதுக்கு சார் இது? குண்டுக்கல்லாட்டம் இருக்கேளே" என்று சொல்லி, கையெழுத்துப் போட வந்தவரைத் திருப்பி உட்காரவைத்துவிட்டார். அப்பளம் விற்கப் போனார். "ரெண்டு நாளா மழை, நமுத்திருக்கும். அடுத்த வாரம் வாங்கிக்கோங்கோ" என்று வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு முழுக் கூடையோடு வந்தார். டியூஷனுக்குப் போன வீட்டில், "இவனுக்கு டியூஷன் வேண்டாம், தூக்கம்தான் வேணும்" என்றார். பையனுக்கு ஏக சந்தோஷம். அடுத்த நாள் அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்த ஒரு மாமாதான் வழி காட்டினார். அந்தக் காலத்தில் ஊரில் இருக்கும் பெண் வீட்டாருக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. 'பையன் பம்பாயில் ஆபீஸில் இருக்கிறான்' என்று ஜாதகம் வரும். ஆபீஸில் என்னவாக இருக்கிறான், மானேஜராகவா, மானேஜருக்கு டீ கொண்டுபோகிறவனாகவா என்று திருநெல்வேலியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பம்பாயில் தெரிந்தவர் யாருக்காவது எழுதி விசாரிக்கச் சொல்வார்கள். கடை மாமாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. கடையை விட்டுப் போக முடியாததால், "வாத்தியாரே, சும்மாத்தானே இருக்கேள்? காட்கோபர் வரைக்கும் போய் இந்தப் பையனைப் பாத்துட்டு வாங்கோளேன்" என்றார்.

பார்த்துவிட்டு வருவது என்றால் அப்பாவுக்கு அது பரீட்சை. பையன் சாப்பிடும் மெஸ்ஸில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அரிசி கிடைக்காத அந்த நாளில் இலையில் சோற்றை மிச்சம் வைக்கிறானா என்று பார்த்தார். அவனோடு அதே ரயிலில் ஏறி, யாருக்காவது எழுந்து இடம் கொடுக்கிறானா என்று கவனித்தார். அவன் துணி வெளுக்கும் தோபியிடம் விசாரித்தார். "ஆத்மி அச்சா ஹை பாபுஜி. லேகின் காலர் பஹுத் கந்தா" என்றான் தோபி. ஆள் நல்லவன், காலர்தான் மகா அழுக்கு என்று அர்த்தம். அப்பா அதற்கும் மார்க் குறைத்தார். கடைசியில் நாலு பக்க அறிக்கை: உத்தியோகம், உடம்பு, பழக்கவழக்கம், பேச்சு, சொத்து என்று தனித்தனியாகப் பிரித்து, நூற்றுக்கு அறுபத்திரண்டு. 'மானேஜர் இல்லை, டைப்பிஸ்ட். ஆனால் கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தான்' என்று குறிப்பு.

பெண் வீட்டார் அந்த அறுபத்திரண்டை நம்பிக் கல்யாணத்தை நடத்தினார்கள். சொன்னது சொன்னபடி இருந்ததாம், காலர் உட்பட. பேச்சு பரவியது. தென்காசியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கடை விலாசத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பையன் தேறினாலும் தேறாவிட்டாலும் கூலி ஒன்றுதான். மாம்பழக் கூடை அனுப்பிய ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குக் கூடையைத் திருப்பி அனுப்பியதோடு ஐந்து மார்க்கும் கழித்தார்.

தேறாத ஒரு பையனின் சித்தப்பா ஒருநாள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "எங்கேய்யா அந்த வாத்தியார்?" என்று கத்தினார். அப்பா அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "நான்தா..." என்று எழுந்தவரின் காலை மாமா ஓங்கி மிதித்துவிட்டு, "அவர் கல்யாணுக்கு ரயிலேறிப் போயிருக்கார், எப்ப வருவாரோ தெரியாது" என்றார். அன்றிலிருந்து அறிக்கையில் அப்பாவின் பெயர் போகக்கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 'மாட்டுங்கா வாத்தியார்' என்று மட்டும் போட்டு அனுப்புவார்கள். இந்தக் குடையால்தான் எங்கள் குடும்பம் உண்டாயிற்று. அது எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கடிதம். அதைப் படித்த அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து மாமா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன வாத்தியாரே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை மாமா. ஒரு பையனை விசாரிக்கச் சொல்லி வந்திருக்கு."

"அதுக்கென்ன? போய்ப் பாத்துட்டு வாங்கோ."

"எங்கேயும் போக வேண்டாம் மாமா. அந்தப் பையன் நான்தான்."

ஊரில் அத்தை தம்பிக்குப் பெண் தேடி, அம்பாசமுத்திரத்தில் ஓர் இடத்துக்கு ஜாதகம் கொடுத்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் எங்கள் தாத்தா. எச்சரிக்கையான மனிதர். குடும்பம் தெரிந்ததுதான், பையன் பம்பாயில் எப்படி இருக்கிறான் என்பதுதான் தெரிய வேண்டும் என்று யாரிடமோ விலாசம் வாங்கி, நம்பிக்கையான ஆள் என்று, பெயர்கூடத் தெரியாத 'மாட்டுங்கா வாத்தியாருக்கு' எழுதிவிட்டார். 'வரனும் தங்களைப் போலவே உபாத்தியாயர் என்று சொல்கிறார்கள். ஒருவேளை தங்களுக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்' என்று ஒரு வரி வேறு.

மாமா சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். "அடிச்சது அதிர்ஷ்டம்! நூத்துக்குத் தொண்ணூறு போட்டு அனுப்புங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். முன்பு ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் வற்புறுத்தி அவளைப் பாடவைத்தார்கள். நடுவில் நிறுத்தி, "இதுக்கு மேல மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, வெட்கமே படாமல் எழுந்து போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டிக்கொண்டால் இந்த மாதிரிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்கு அன்றே பட்டுவிட்டது. பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அதே பெண். உண்மையை எழுதினால் அவள் கிடைக்கமாட்டாள். வேலையில்லாத விஷயமும் அத்தை காதுக்குப் போய்விடும். பொய் எழுதினால், மாம்பழக் கூடை அனுப்பிய பையனுக்கும் தமக்கும் என்ன வித்தியாசம்?

"விசாரிக்க நேரமில்லைன்னு திருப்பி எழுதிடுங்கோ" என்று மாமா ஒரு வழி சொன்னார்.

"யார் கேட்டாலும் விசாரிச்சுச் சொல்றேன்னு உக்காந்துண்டு, எனக்கு மட்டும் லீவா மாமா?"

அப்பா முறைப்படியே விசாரணையை ஆரம்பித்தார். தாம் சாப்பிடும் மெஸ்ஸுக்குப் போய் மாமியிடம் தம்மைப் பற்றியே கேட்டார்.

"இதென்ன கூத்து? அது நீங்கதானே?" என்றாள் மாமி.

"இப்ப நான் விசாரிக்க வந்தவன். உள்ளதைச் சொல்லுங்கோ."

"சொல்லட்டுமா? தினம் ரசத்துல உப்பு கம்மின்னு ஒரு குத்தம். ஆனா இலையில ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. நீங்க வரலைன்னா நிம்மதியாத்தான் இருக்கும். ரெண்டு நாள் வரலைன்னா என்ன ஆச்சோன்னு இருக்கும்."

இதில் எதற்கு மார்க் போடுவது, எதற்குக் கழிப்பது என்று அப்பா அன்று முழுக்க யோசித்தாராம். தோபியிடம் போனார். அவன், பாபுஜிக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தான். அறையில் கூட இருந்தவர்கள் குறட்டையைப் பற்றி ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்.

அறிக்கையின் நகல் இன்றும் எங்களிடம் இருக்கிறது. உத்தியோகம், இருபத்தைந்துக்கு மூன்று: 'வரன் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது.' உடம்பு, இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு: 'ஒல்லி, குறட்டை.' பழக்கவழக்கம், இருபத்தைந்துக்குப் பதினாறு: 'கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் வேலை போனதைத் தமக்கையிடம் மறைத்ததற்காக ஒன்பது கழிக்கப்பட்டது.' பேச்சு, பதினைந்துக்கு மூன்று: 'எதிராளி மனம் நோகும் என்று பார்ப்பதில்லை.' சொத்து, பத்துக்கு சைபர்.

மாமா கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "முப்பத்திநாலு! இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டா பாஸ் ஐயா! அந்தக் குறட்டையைக் கொஞ்சம் கொறைச்சுக்கப்படாதா?"

"பதினொண்ணை முப்பத்தஞ்சாக்க மாட்டேன்னு வெளியில வந்தவன் மாமா. முப்பத்திநாலை மட்டும் எந்தக் கையால ஆக்கறது?"

கீழே, 'தேறவில்லை. மேற்படி வரனும் இந்த அறிக்கையை எழுதுபவனும் ஒருவனே' என்று எழுதி, அதுவரை எந்த அறிக்கையிலும் போடாத தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். அத்தைக்கும் உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, இரண்டையும் ஒன்றாகத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அந்த வாரம் ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மெஸ் மாமி பயந்துபோனாளாம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'இதற்கு முன் மூன்று வரன்களை விசாரித்தேன். மூவரும் தங்கக்கம்பி என்று எழுதி வந்தது. எழுதியவர்கள் அவரவர் தாய்மாமன்கள் என்று பிறகு தெரிந்தது. முப்பத்திநாலு மார்க் வாங்கிய வரனை இப்போதுதான் பார்க்கிறேன். என் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, கடிதத்தின் அடியில் தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள். வழக்கமில்லைதான். இருந்தாலும் அனுமதித்தேன்' என்று தாத்தா எழுதியிருந்தார். அடியில் வேறு கையெழுத்தில் அந்த வரி: 'ஒரு மார்க் நான் போட்டிருக்கிறேன். தேர்ச்சி.'

அத்தையின் பதிலில் மழையைப் பற்றி மட்டும் இருந்தது. கோபம் ஆறியதும் அவரே முன்னின்று கல்யாணத்தை நடத்திவைத்தார்.

அம்மா மாட்டுங்காவுக்கு வந்த பிறகு விசாரணைத் தொழில் இரண்டு மடங்காகியது. அப்பா பையன்களைப் பார்த்தார்; அம்மா வருங்கால மாமியார்களைப் பார்த்தாள். அம்மாவின் பரீட்சையில் தேறியவர்கள் மிகக் குறைவு. நான் பிறக்கப் போகும் சமயத்தில், இருபத்தெட்டு மார்க் கொடுத்து அப்பா தள்ளிவிட்ட ஒரு பையனே அவரைத் தேடி வந்து, தன் கம்பெனியில் சரக்குப் பரிசோதனை வேலைக்குச் சிபாரிசு செய்தார். "என்னையே ஃபெயிலாக்கினவர் சார், சரக்கை ஃபெயிலாக்கப் பயப்படமாட்டார்" என்று முதலாளியிடம் சொன்னாராம். அந்த வேலையில்தான் அப்பா ஓய்வு பெறும்வரை இருந்தார். செம்பூரில் வீடு வாங்கியதும், எங்களைப் படிக்கவைத்ததும் அதில்தான். எங்கள் பரீட்சைத் தாள்களை மட்டும் அவர் கூட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. இரண்டு முறை, டீச்சர் அதிகமாகப் போட்டுவிட்டார் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் குறைத்து வாங்கி வந்தார். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோதும் பென்சில் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. நர்ஸுக்கு எழுபது, டாக்டருக்கு நாற்பது. தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த எதிர் பிளாட் மராத்திக் குடும்பத்துக்குத் தொண்ணூற்றிரண்டு; அவர் வாழ்நாளில் கொடுத்த அதிகபட்ச மார்க் அதுதான். அந்தக் குடும்பத்துக்கும், கல்யாணிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் ரயில் நெரிசலில் வந்து முறைபோட்டுக் கண்விழித்த உறவினர்களுக்கும், காரியங்களைக் குறைவில்லாமல் நடத்திக்கொடுத்தவர்களுக்கும், நாற்பது வாங்கிய டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. காப்பிப்பொடிக் கடை மாமா இன்று இல்லை. அவர் மக்கள் வந்திருந்தார்கள். அப்பாவின் காலை மிதித்ததற்காக அவர்களுக்குத் தனியாக நன்றி சொன்னோம்.

அப்பா இல்லாத வீடு எங்களுக்குப் பிடிக்கவில்லை. குற்றம் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் செய்வதெல்லாம் சரியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

எழுதி முடித்ததும் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடைசியில அப்பாவுக்கு ஒரு மார்க் போட்டு முடிக்கட்டுமா? எண்பது போடலாமா?" என்றேன்.

"எண்பதா? அவர் ஒத்துக்கவே மாட்டார்" என்றாள் அம்மா. "முப்பத்தஞ்சுன்னே போடு. நான் போட்ட அந்த ஒரு மார்க்கை ஒரு நாளும் திருப்பி வாங்கிக்கலைன்னு எழுது."